‘இடது கீழ் +5’: வீட்டில் கட்டிய பக்கி ஒன்று கவிழ்ந்ததன் ஆய்வு

பக்கி என்பது மண்ணிலும் மேடுபள்ளத்திலும் ஓட்டும் குழாய்ச் சட்டக வண்டி. எங்களுடையது கவிழ்ந்தபோது வேகமாகக்கூடப் போகவில்லை. மணிக்கு 25 கிலோமீட்டர் இருந்திருக்கலாம். முழங்கால் உயர மண்மேட்டில் ஏறி இறங்கி, வலப்பக்கம் திரும்பத் தொடங்கிய கணத்தில் முன் இடச் சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளே மடங்கியது. சக்கரத்தைத் தாங்கியிருந்த கீழ்க்கையின் முனை கலப்பைக் கொழுபோல மண்ணைக் கிழித்துக்கொண்டு இரண்டு மீட்டர் ஓடி, குத்தி நின்றது. வண்டி நிற்கவில்லை. அந்த முனையையே அச்சாக வைத்து, அவசரமில்லாமல், இடப்பக்கம் சாய்ந்து படுத்தது.

ஓட்டியவன் என் அக்காள் மகன். பெல்ட் பிடித்துக்கொண்டது. ஹெல்மெட் குழாயில் ஒருமுறை இடித்தது. தரை நெருங்கி வருவதைக் கண்டதும் இடக்கையைத் தன்னையறியாமல் வெளியே நீட்டியிருக்கிறான். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வழன்றுவிட்டது. எலும்பு தப்பியது அதிர்ஷ்டம். அதில் எங்கள் திறமை எதுவுமில்லை.

அன்று முறிந்தது சுண்டுவிரல் பருமனுள்ள ஒரு மரைத் தண்டு. அது ஏன் முறிந்தது என்று தேடப்போய், ஏழு மாதங்களுக்கு முன்பு வெல்டிங் செய்த ஒரு பிற்பகலில் போய் நின்றோம். இடையில் இருந்த ஒவ்வொரு படியிலும் பிழை கண்ணில் பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு நட்டைத் திருகி அதை மறைத்திருக்கிறோம். திருகியவன் பெரும்பாலும் நான்தான்.

வண்டி

ஒற்றை இருக்கை. பின்னால் 200 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சின், செயின் வழியாகப் பின் அச்சுக்கு விசை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1,900 மி.மீ., இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே 1,300 மி.மீ. ஓட்டுநரோடு சேர்த்து 420 கிலோ. அதில் முன்சக்கரங்கள் இரண்டும் தாங்குவது 168 கிலோ, அதாவது ஒவ்வொன்றும் 84 கிலோ. இந்த 84 என்ற எண்ணைப் பிறகு பல இடங்களில் பயன்படுத்தப்போகிறேன்.

சட்டகத்துக்கு 25 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. தடிமனும் உள்ள எஃகுக் குழாய். பொறியியல் மாணவர்கள் இத்தகைய வண்டிகளைக் கட்டி ஓட்ட, 1976 முதல் நடந்துவரும் எஸ்.ஏ.இ. பாஹா போட்டியின் விதிகள் ரோல் கேஜுக்கு, அதாவது கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் கூண்டுக்கு, அடிப்படை அளவாகச் சொல்வது இதையே. எஃகில் கரிமம் 0.18 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பதும் அதே விதி. கணக்குப் போட்டால் இதைவிடச் சிக்கனமான தேர்வு உண்டு. 31.75 மி.மீ. விட்டமும் 1.65 மி.மீ. தடிமனும் கொண்ட குழாய் மீட்டருக்கு 1.22 கிலோதான், நாங்கள் பயன்படுத்தியது 1.63 கிலோ. அப்படியிருந்தும் வளைவை எதிர்க்கும் விறைப்பு மெல்லிய குழாய்க்கே 39 சதவீதம் கூடுதல், ஏனென்றால் உலோகம் மையத்திலிருந்து தள்ளி நிற்கிறது. 30 மீட்டர் குழாயில் 12 கிலோ மிச்சமாகும். ஆனால் 1.65 மி.மீ. சுவரில் வெல்டிங் செய்பவரின் கை ஒரு நொடி தயங்கினால் ஓட்டை விழும். எங்கள் கையை நாங்கள் அறிந்திருந்தோம். தடித்த குழாயையே எடுத்தோம். அதில் எனக்கு வருத்தமில்லை. வண்டி கவிழ்ந்தபோது கூண்டில் ஒரு குழாய்கூட நெளியவில்லை.

முன்சக்கரங்களுக்கு மேலும் கீழுமாக இரண்டிரண்டு கைகள். சட்டகத்தோடு சேரும் இடத்தில் இரண்டு கால்களாக விரிந்து, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளில் ஒரே புள்ளியாகக் கூடுபவை. ஷாக் அப்சார்பர் கீழ்க்கையில் அமர்ந்திருந்தது. நக்கிளோடு சேரும் புள்ளியில் மேலேயும் கீழேயும் ராட் எண்ட் போட்டிருந்தோம்: தலையில் உருண்டைப் பேரிங், வாலில் எம்12, அதாவது 12 மி.மீ., மரைத் தண்டு. தண்டைக் கையின் முனையில் உள்ள மரைத் துளையில் திருகி, லாக் நட்டால் இறுக்கினால் வேலை முடிந்தது. வீட்டில் பக்கி கட்டுபவர்கள் எல்லோரும் ராட் எண்டை விரும்புவதற்கு ஒரே காரணம், அதைத் திருகி நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம் என்பது. அளவு பிசகினாலும் சமாளித்துவிடலாம். அந்தச் சமாளிப்பிலிருந்துதான் எங்கள் பிரச்சினையே தொடங்கியது.

இந்த இடத்தில் புரூஸ் மேயர்ஸை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1964-இல் அவர் கண்ணாடியிழையில் செய்த ‘மேயர்ஸ் மாங்ஸ்’ பக்கிதான் மணல்வெளி வண்டிகளுக்கெல்லாம் மூத்தது என்று பலரும் சொல்வார்கள். முதல் 12 வண்டிகளில் உடலே சட்டகமாகவும் இருந்தது. அது செலவு பிடிக்கும், கட்டவும் கடினம் என்று கண்டதும் அவர் அந்த வழியை விட்டுவிட்டார். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தட்டை ஏறக்குறைய 36 செ.மீ. வெட்டிக் குறுக்கி, அதன்மேல் தன் உடலைப் பொருத்தினார். 1967-இல் நடந்த முதல் மெக்சிகன் 1000 பாலைவனப் பந்தயத்தில் விக் வில்சனும் டெட் மாங்கல்ஸும் 27 மணி 38 நிமிடத்தில் முதலாவதாக வந்தது ஒரு மாங்ஸில்தான். அதன் எடைக்குறைவைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் பொறாமைப்படுவது வேறொன்றைப் பார்த்து: முன்சக்கரங்களின் கோணங்களும் பிடிமானங்களும் அவருக்குத் தொழிற்சாலையிலிருந்தே நேராக்கப்பட்டு வந்தன. குழாய்ச் சட்டகத்தை வெறும் தரையில் வைத்துக் கட்டுகிறவனுக்கு அந்த நேர்த்தியை யாரும் தருவதில்லை.

முதல் தீர்ப்பு

முறிந்த ராட் எண்டைக் கையில் எடுத்ததும் எங்களுக்கு வந்த முடிவு, “மட்டமான சரக்கு” என்பதுதான். சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். அடுத்து 14 மி.மீ. தண்டு உள்ளதாக வாங்கிப் போட்டால் தீர்ந்தது என்று எண்ணமும் ஓடியது.

வெல்டிங் வேலையெல்லாம் செய்து தந்தவர் எங்களைவிட மூத்தவர், பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரை அண்ணன் என்றே இருவரும் அழைக்கிறோம். மறுநாள் காலை வந்து வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தார். வெல்டு எதுவும் விடவில்லை என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை. பிறகு வலப்பக்கம் குனிந்து, முறியாத ராட் எண்டை விரலால் தட்டினார்.

“இதுவும் அதே பெட்டியில் வாங்கியதுதானே, தம்பி?”

“ஆமாம், அண்ணா.”

“அப்படியென்றால் இது ஏன் முறியவில்லை?”

அந்த ஒரு கேள்விக்கு மட்டமான சரக்கு என்ற பதில் போதவில்லை. ஒரே பெட்டி, ஒரே நாளில் மாட்டியவை, ஒரே மேட்டில் ஏறி இறங்கியவை. இரண்டுக்கும் இடையே வேறுபாடு ஏதாவது இருக்க வேண்டும்.

முறிந்த முகம்

உடைந்த பாகத்தைக் கழுவித் துடைத்துவிடாதீர்கள் என்பது நான் யாருக்கும் சொல்லக்கூடிய முதல் அறிவுரை. நல்லவேளையாக எங்கள் சோம்பலே எங்களுக்கு உதவியது. துண்டு மண்ணோடு அப்படியே கிடந்தது. மண்ணை மட்டும் மென்தூரிகையால் தட்டிவிட்டு, பூதக்கண்ணாடியில் பார்த்தோம்.

வட்டமான முறிவு முகத்தில் இரண்டு நிறங்கள். அடிப்பக்க விளிம்பில் தொடங்கி ஏறக்குறைய பாதிவரை பிறைவடிவில் பழுப்பேறிய, வழவழப்பான பகுதி. அதில் நகத்தின் வளர்ச்சிக் கோடுகளைப்போல ஒன்றையொன்று சூழ்ந்த மெல்லிய வளைகோடுகள். மீதிப் பகுதி சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோலச் சொரசொரப்பாக, புதிய உலோகப் பளபளப்போடு இருந்தது.

பழுப்பு என்றால் துரு, துரு என்றால் காலம். அந்தப் பாதி அன்று முறிந்தது அல்ல. மரையின் பள்ளம் ஒன்றில், லாக் நட் முடியும் விளிம்பிலேயே, ஒரு நூலிழை விரிசல் தோன்றியிருக்கிறது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அது ஒரு துளி முன்னேறியிருக்கிறது. வளைகோடுகள் அது நின்று நின்று நகர்ந்த தடங்கள். கடைசியில் மிஞ்சிய பாதித் தண்டு அந்த மண்மேட்டில் ஒரே அடியாக விட்டது. இது உலோகக் களைப்பு. கவிழ்வதற்கு முன் வண்டி மொத்தம் 14 மணி நேரம் ஓடியிருந்தது. அதில் எத்தனை மணி நேரம் பாதித் தண்டில் ஓடினோம் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்றும் இந்த முகம் சொன்னது. விரிசல் தொடங்கியது அடிப்பக்கத்தில். தண்டு இழுபட்டு அறுந்திருந்தால் விரிசல் எந்தப் பக்கமும் தொடங்கியிருக்கலாம். அடிப்பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப இழுபட்டிருக்கிறது என்றால், தண்டின் தலை மேல்நோக்கி வளைக்கப்பட்டிருக்கிறது. வண்டியின் எடை கீழ்க்கையை அழுத்த, தரை சக்கரத்தை மேலே தள்ள, நடுவில் அகப்பட்டது ராட் எண்டின் தண்டு.

ராட் எண்ட் என்பது நீளவாக்கில் இழுக்கவும் தள்ளவும் செய்யப்பட்ட பொருள். அதை வளைக்கக் கூடாது. இது நான் படித்திருந்த விஷயம்தான். படித்தது மண்டையில் இருந்தது, கை வேறு வேலை செய்தது.

நோட்டுப் புத்தகம்

வலப்பக்க ராட் எண்டில் லாக் நட்டுக்கும் தலைக்கும் இடையே வெற்று மரை ஏறக்குறைய இல்லவே இல்லை. இடப்பக்கத்தில் முறிந்த துண்டையும் கையில் மிஞ்சிய துண்டையும் சேர்த்துவைத்து எண்ணினோம்: ஐந்து மரை வெளியே நின்றிருந்தது.

வண்டி கட்டிய காலத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். அதைப் புரட்டினால், முதல்முறை சக்கரம் மாட்டிய நாளின் பக்கத்தில், என் கையெழுத்தில், ஒரு வரி: “இடது கீழ் +5 சுற்று. காம்பர் சரி.”

காம்பர் என்பது முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம். அன்று மாட்டிப் பார்த்தபோது இடச் சக்கரத்தின் தலை மட்டும் இரண்டரை டிகிரி வெளியே சாய்ந்திருந்தது. ஏன் சாய்ந்திருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கீழ் ராட் எண்டை ஐந்து சுற்று வெளியே திருகினேன், சக்கரம் நிமிர்ந்தது, ‘சரி’ என்று எழுதினேன். எம்12 மரையில் ஒரு சுற்றுக்கு 1.75 மி.மீ.; ஐந்து சுற்றுக்கு 8.75. அதாவது இடப்பக்கக் கீழ்க்கை இருக்க வேண்டிய இடத்தைவிட ஏறக்குறைய 9 மி.மீ. உள்ளே இருந்திருக்கிறது. கை இரண்டும் ஒரே அச்சுப்பலகையில் வைத்துச் செய்தவை, ஒரே நீளம். எனவே பிழை சட்டகத்தில்.

சட்டகத்தைக் கழற்றி மூலைக்கு மூலை அளந்தோம். டேக் (முழு வெல்டிங்குக்கு முன் குழாய்களைப் பிடித்து நிறுத்தும் புள்ளி வெல்டு) வைத்து முடித்த அன்று இரண்டு மூலைவிட்டங்களுக்கும் வித்தியாசம் 2 மி.மீ. என்று அதே நோட்டில் இருக்கிறது. இப்போது 11 மி.மீ. முழு வெல்டிங் முடிந்த பிறகு மறுபடி அளந்ததாக எந்தப் பக்கத்திலும் குறிப்பில்லை. அளக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

அண்ணன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவரே நினைவுகூர்ந்தார். அன்று சட்டகம் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எட்டுவதற்கு வசதியாக இருந்த இடமுன் மூட்டுகள் அத்தனையையும் ஒரே மூச்சில் வெல்டிங் செய்து முடித்தார். வலப்பக்கம் மறுநாள். உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கும். சுருங்கும் பக்கம் குழாயை இழுக்கும். எதிர்ப்பக்கத்தில் டேக் புள்ளிகள் மட்டுமே இருந்ததால் தடுப்பதற்கு ஆளில்லை. மறுநாள் வலப்பக்கம் சுருங்கியபோது இடப்பக்கம் ஏற்கனவே இறுகிவிட்டது, திரும்பி வரவில்லை. ஒரு மூட்டில் ஒரே ஒரு டிகிரி திரும்பினால் போதும், அரை மீட்டர் தள்ளி அது கிட்டத்தட்ட 9 மி.மீ. ஆகிவிடும்.

பழி முழுவதும் அவர்மேல் அல்ல. அந்த மூட்டில் குழாயின் வாயை மீன்வாய்போல வளைவாக அறுத்து, அரம் போட்டு, மற்றக் குழாயோடு இடைவெளியில்லாமல் பொருத்த வேண்டியவன் நான். 3 மி.மீ. இடைவெளி விட்டுவிட்டு, வெல்டு நிரப்பிக்கொள்ளும் என்றேன். நிரப்பியது. எவ்வளவு அதிகம் நிரப்புகிறோமோ அவ்வளவு அதிகம் சுருங்கும்.

ஐந்து சுற்றின் விலை

எம்12 மரையின் அடிவிட்டம் 9.85 மி.மீ. அந்த வட்டத்தின் வளைவுத் தாங்குமானம் ஏறக்குறைய 94 கன மி.மீ. பேரிங்கின் மையத்திலிருந்து லாக் நட்டின் விளிம்புவரை உள்ள தூரம்தான் நெம்புகோல். வலப்பக்கம் அது 22 மி.மீ. இடப்பக்கம் 31.

84 கிலோ நிலையான எடை என்பது 824 நியூட்டன். மேட்டிலிருந்து இறங்கும்போது அதன் இரண்டரை மடங்கு வருவது இத்தகைய வண்டிக்குச் சர்வ சாதாரணம். 2,060 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். அதை நெம்புகோலால் பெருக்கி, தாங்குமானத்தால் வகுத்தால் தகைவு, அதாவது ஒவ்வொரு சதுர மி.மீ. உலோகமும் சுமக்கும் விசை, கிடைக்கும். வலத்தண்டில் அது 483 மெகாபாஸ்கல். இடத்தண்டில் 681. நல்ல 8.8 தர (போல்ட்டுகளின் வலிமைத் தரம்) தண்டு நிரந்தரமாக வளையத் தொடங்குவது 640-இல். ஒரே அடியில் ஒன்று தப்பும், மற்றது வளையும். மரைப் பள்ளத்தின் கூர்மை இந்த எண்களை இன்னும் மோசமாக்கும் என்பதை நான் சேர்க்கவேயில்லை.

சேர்த்தால் வலத்தண்டும் நெடுநாள் பிழைத்திருக்காது. அண்ணன் அதைக் கழற்றி, வெள்ளைத் தாளின் மேல் உருட்டிப் பார்த்தார். தலை லேசாகத் தள்ளாடியது. அதுவும் வளைந்துதான் இருந்தது. இடது கொஞ்சம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

இதற்கும் ஒரு முன்னறிவிப்பு இருந்தது. கவிழ்வதற்கு இரண்டு ஓட்டங்களுக்கு முன்பு, “மாமா, ஸ்டியரிங் இடப்பக்கம் இழுக்கிறது” என்றான் மருமகன். தண்டு வளையத் தொடங்கியிருந்தது. சக்கரத்தின் கோணம் மாறிக்கொண்டிருந்தது. ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடை நான் ஒன்றரைச் சுற்றுத் திருகினேன். இழுப்பு நின்றது. நோட்டில் இதற்கும் ஒரு ‘சரி’ உண்டு.

அடி ஏன் அவ்வளவு பலமாக விழுந்தது

இரண்டரை மடங்கு சாதாரணம் என்றேன். ஆனால் நல்ல சஸ்பென்ஷன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். எங்களுடையது வாங்கிக்கொள்ளவில்லை. வீட்டில் கட்டுகிற வண்டிகளில் நான் பார்க்கும் மிகப் பொதுவான பிழை இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முன்பக்கத்துக்கு மோட்டார் சைக்கிள் ஷாக் அப்சார்பர்கள் போட்டிருந்தோம். ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். 824-ஐ 20-ஆல் வகுத்தால் 41. வண்டி நிற்கும்போது 41 மி.மீ. இறங்கும், மீதி 140 மி.மீ. பயணம் மிச்சம் என்று கணக்கிட்டேன். இது பள்ளிக் கணக்குகூட அல்ல, பிழையான கணக்கு. ஸ்பிரிங் சக்கரத்தின் மேல் நேராக அமரவில்லை. கையின் நடுவில், சாய்வாக அமர்ந்திருக்கிறது. சக்கரம் 20 மி.மீ. ஏறினால் ஷாக் எவ்வளவு சுருங்குகிறது என்பதை ஜாக்கியால் தூக்கித் தூக்கி அளந்தோம்: 11 மி.மீ. விகிதம் 0.55. பயணம் குறைவதால் ஒருமுறை, நெம்புகோலால் இன்னொருமுறை என்று இந்த விகிதம் இருமுறை தன் பங்கைப் பிடித்துக்கொள்கிறது. எனவே சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு 20-ஐ 0.55-ஆல் இருமுறை பெருக்கியது: வெறும் 6. வண்டி 41 அல்ல, 136 மி.மீ. இறங்க வேண்டும்.

இறங்கத்தான் செய்தது. முதல் நாள் வண்டி வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, ஸ்பிரிங்கின் அடி வளையத்தைத் திருகி 25 மி.மீ. முன்கூட்டியே அழுத்தி வைத்தேன். வண்டி எழுந்து நின்றது. மூன்றாவது திருகல். ஆனால் வளையத்தைத் திருகுவதால் ஸ்பிரிங் விறைப்பாகிவிடாது; வண்டியின் உயரம்தான் கூடும். அந்த நிலையில் மேலே 89 மி.மீ. பயணம் மிச்சம், அதை முழுவதும் அழுத்த நிலையான எடையின் 1.65 மடங்கே போதும். அதற்கு மேல் வரும் எந்த அடியும் ஷாக்கின் அடிமுட்டில் உலோகத்தோடு உலோகமாக மோதும். ரப்பர் முட்டு வைக்க இடம் விட்டிருந்தோம், வாங்கி வைக்கவில்லை. 14 மணி நேரமும் அந்த மரைத் தண்டுக்குச் சுத்தியல் அடி விழுந்துகொண்டிருந்தது.

சக்கரம் மடங்கினால் வண்டி கவிழ வேண்டுமா?

தேவையில்லை. அதே வேகத்தில் தாழ்வான, அகலமான வண்டியாக இருந்தால் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றிருக்கும். எனவே ஈர்ப்பு மையத்தின் உயரத்தை அளந்தோம். கட்டுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

வழி எளிது, பொறுமைதான் வேண்டும். ஷாக்குகளைக் கழற்றி அதே நீளத்தில் இரும்புப் பட்டைகளைப் போட்டு சஸ்பென்ஷனைப் பூட்ட வேண்டும்; இல்லையென்றால் வண்டி தன் இஷ்டத்துக்கு உட்கார்ந்து கணக்கைக் கெடுக்கும். ஓட்டுநர் பெல்ட் போட்டு அசையாமல் இருக்க வேண்டும். முன்சக்கரம் ஒவ்வொன்றின் கீழும் உடல் எடை பார்க்கும் எடைக்கருவி ஒன்று. சமதளத்தில் இரண்டும் சேர்ந்து 168 கிலோ. பின் அச்சை 400 மி.மீ. தூக்கினோம்; முன்னால் 183 ஆயிற்று. கூடுதலாக வந்த 15 கிலோவை 1,900-ஆல் பெருக்கி, மொத்த எடையையும் சாய்வுக் கோணத்தின் டேஞ்சன்ட்டையும் பெருக்கி வருவதால் வகுத்தால், சக்கர மையத்துக்கு மேல் 315 மி.மீ. சக்கரத்தின் ஆரம் 280. தரையிலிருந்து மொத்தம் 595. எடைக்கருவி ஒரு கிலோ பிசகினால் விடை 21 மி.மீ. பிசகும், அதனால் மூன்றுமுறை தூக்கி இறக்கினோம். மருமகன் மூன்றாவது தடவை உள்ளே தூங்கிவிட்டான்.

சக்கர இடைவெளி 1,300-ஐ இந்த உயரத்தின் இருமடங்கான 1,190-ஆல் வகுத்தால் 1.09. பக்கவாட்டில் எடைக்குச் சற்றே மேற்பட்ட விசை வந்தாலே ஒரு பக்கச் சக்கரங்கள் தரையை விட்டுவிடும் என்று பொருள். மண்ணில் சக்கரம் சறுக்கிக்கொண்டு போகும்வரை அவ்வளவு விசை வராது. ஏதாவது ஒன்று மண்ணில் குத்தி நின்றுவிட்டால் வந்துவிடும். எங்களுக்கு வந்தது.

உயரம் எங்கிருந்து வந்தது என்றால், எல்லா இடத்திலிருந்தும். இருக்கையைத் தரைக்குழாய்களுக்கு நடுவில் இறக்காமல் அவற்றின் மேலேயே வைத்தோம். செயின் நேராக ஓட வேண்டும் என்று எஞ்சினைத் தூக்கினோம். பெட்ரோல் தானாக இறங்கட்டும் என்று டேங்கை எஞ்சினுக்கும் மேலே கட்டினோம். நான் திருகிய ஸ்பிரிங் வளையம் மீதியைப் பார்த்துக்கொண்டது.

அந்த டேங்கைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டி படுத்ததும் மூடியின் காற்றுத் துளை வழியாகப் பெட்ரோல் சொட்டத் தொடங்கியது, சூடான சைலன்சருக்கு ஒரு சாண் தள்ளி. எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் ஓட்டுநரின் இடப்பக்கக் குழாயில் இருந்தது. அந்தக் குழாய் தரையில் அழுந்திக் கிடந்தது. நான் ஓடிவந்து பிளக் வயரைப் பிடுங்கி அணைத்தேன். அதற்குப் பிறகு வேறெந்த மாற்றத்துக்கும் முன்பாகச் செய்தது இதுதான்: டேங்க் கீழே வந்தது, கவிழ்ந்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வு வந்தது, சுவிட்ச் இரண்டாயிற்று. ஒன்று பெல்ட் போட்டபடியே எந்தக் கையாலும் எட்டும் நடு இடத்தில், மற்றொன்று வெளியே இருப்பவர் எந்தப் பக்கமிருந்தும் காணும்படி பின்கூண்டின் உச்சியில். கை வெளியே போகாதபடி மணிக்கட்டுப் பட்டைகளும் பக்கவாட்டு வலையும் பிறகு வந்தன.

மாற்றியவை

சட்டகத்தை நெம்பி நேராக்க அண்ணன் சம்மதிக்கவில்லை. நெம்பினால் இறுகிய மூட்டில் புதிய தகைவு புகும் என்றார். இடமுன் பிடிமானத் தகடுகளை மட்டும் சாணையால் அறுத்தெடுத்தோம். இடப்பக்கத் தகடுகள், வலப்பக்கத் தகடுகள் இரண்டின் துளைகளிலும் நேரான கம்பிகளைச் செருகி, நடுக்கோட்டிலிருந்து இரண்டும் சம தூரத்தில் இருப்பதைத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, குறுக்கே தற்காலிகப் பட்டை வைத்துக் கட்டிய பிறகே டேக் வைத்தார். இம்முறை ஒரு பக்கம் இரண்டு விரற்கடை, எதிர்ப்பக்கம் இரண்டு விரற்கடை, கை வைத்துப் பார்க்கும் அளவு சூடு ஆறும்வரை காத்திருப்பு, மறுபடி அளவு. பாதி நாள் வேலை இரண்டு நாளாயிற்று. அடுத்த வண்டி கட்டினால் பிடிமானத் தகடுகளைக் கடைசியாக, சட்டகம் முழுவதும் வெல்டாகி முறுக்கித் தீர்ந்த பிறகே வைப்போம்; முதலில் வைப்பதுதான் எல்லோருக்கும் ஆசை, ஏனென்றால் சக்கரம் மாட்டிப் பார்க்கலாம்.

கீழ்க்கையின் வெளிமுனையில் ராட் எண்டே இல்லை. கையோடு வெல்டு செய்த கிண்ணத்தில் உருண்டைப் பேரிங், அதன் வழியே ஒரு போல்ட், போல்ட்டின் இரு முனையையும் நக்கிளின் இரு காதுகள் பிடிக்கின்றன. இதில் திருகுவதற்கு ஒன்றுமில்லை. காம்பரைச் சரிசெய்யும் வசதி மேற்கைக்குப் போனது. அங்கே ஸ்பிரிங்கின் விசை இல்லை. ராட் எண்ட் தனக்குரிய இழுப்பையும் தள்ளலையும் மட்டும் சுமக்கிறது.

ஷாக்கின் கீழ்ப் பிடிமானத்தைக் கையின் வெளிமுனைப் பக்கம் நகர்த்தி, மேல் பிடிமானத்தை நிமிர்த்தினோம். விகிதம் 0.65. ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 36 நியூட்டன். சக்கரத்தில் இப்போது 15. வண்டி 54 மி.மீ. இறங்கி நிற்கிறது, அடிமுட்டைத் தொட நிலையான எடையின் 2.8 மடங்கு வேண்டும், அங்கேயும் ரப்பர் காத்திருக்கிறது.

இருக்கை 90 மி.மீ. இறங்கியது. எஞ்சின் 120. வண்டியே 40. ஒவ்வொன்றும் ஈர்ப்பு மையத்தை எவ்வளவு இறக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது: 80 கிலோ ஓட்டுநரை 90 மி.மீ. இறக்கினால் மொத்த வண்டிக்கு 17 மி.மீ. மட்டுமே; எஞ்சினால் 9. பெரிய பங்கு வண்டியின் உயரத்தைக் குறைத்ததால் வந்தது. மறுபடி எடைக்கருவி வைத்து அளந்தால் 530. புதிய கைகளோடு சக்கர இடைவெளி 1,420. விகிதம் 1.34. ஓட்டும்போது தெரிகிற வித்தியாசம் அந்த எண்ணைவிடப் பெரியது. டை ராடையும் அதே கணக்கில் நீட்ட வேண்டியிருந்தது; நீட்டாமல் விட்டால் சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங் தானாகத் திரும்பும்.

நோட்டில் ஒரு புதிய பத்தி சேர்ந்திருக்கிறது. எதையாவது இரண்டு சுற்றுக்கு மேல் திருக நேர்ந்தால், திருகுவதற்கு முன் காரணத்தை எழுத வேண்டும். காரணம் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விட்டு, வண்டியை எடுக்காமல் இருக்க வேண்டும். இதுவரை ஒருமுறை காலியாக விட்டிருக்கிறோம். பின் அச்சின் பேரிங் ஒன்று அதன் இருக்கையில் ஆடிக்கொண்டிருந்தது தெரிந்தது.

மாற்றிய சட்டகத்தில் இப்போதும் மூலைவிட்டங்கள் முழுக்க ஒத்துப்போகவில்லை. இடமுன் பிடிமானம் 2 மி.மீ. உள்ளே இருக்கிறது. அதன்மேல் உள்ள குழாயில் அண்ணன் வெள்ளைப் பெயிண்டால் பெரிதாக ‘–2’ என்று எழுதி வைத்திருக்கிறார். பெயிண்ட் தேய்ந்தால் அவரே வந்து திரும்ப எழுதிவிட்டுப் போகிறார்.